நாலு பேருக்குச் சாப்பாடு

மல்வேர்னில் எங்கள் வீட்டு அடுப்பு பழுதான அதே வெள்ளிக்கிழமையில் மனைவியின் தமையனும் வந்து நின்றார். அவர் பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடமாட்டார். மச்சம் தொட்ட கரண்டி பட்ட மரக்கறியையும் தொடமாட்டார். ஆட்டுக்கறிக்குள் கிடந்த அகப்பை கத்தரிக்காய்க்குள் போனதைத் தன் கண்ணால் கண்டதாக ஸ்காபரோவிலுள்ள ஒவ்வொரு தமிழ்க் கடையைப் பற்றியும் அவரிடம் ஒரு கதை இருந்தது.

"அப்ப பழம் சாப்பிட்டிட்டுப் படுங்கோ அண்ணை" என்றாள் மனைவி, கொஞ்சம் சூடாகவே.

வழி சொன்னவள் மகள். "மாமா, எதியோப்பியன் ட்ரை பண்ணுவமா? இப்ப அவைக்கு பெரிய நோன்பு. கடையில எல்லாமே வீகன். நோ மீற், நோ மில்க், நோ எக்."

"முட்டையும் இல்லையோ?"

"இல்லை."

"பாலும்?"

"இல்லை மாமா."

மச்சான் தலையாட்டினார். "அப்ப எங்களிலும் பாக்க அவையள் சுத்தம்" என்றார்.

மகள் தொலைபேசியில் நாலு பேருக்கு நோன்புச் சாப்பாடு சொன்னாள், கார்டில் பணமும் கட்டிவிட்டாள். நானும் மச்சானும் வானை எடுத்துக்கொண்டு டான்போர்த் பக்கம் போனோம். தெருவோரத்தில் பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. நிறுத்த இடமில்லை. அவரை வானுக்குள் இருத்திவிட்டு நான் மட்டும் இறங்கினேன்.

சின்னக் கடை. முன்பாதி பலசரக்கு. மாவு மூட்டைகள், சிவந்த தூள் கட்டிய பைகள், வறுக்காத கோப்பிக்கொட்டை, சாம்பிராணி. பின்பாதியில் சில மேசைகள். உள்ளே போனதும் எங்கள் கடைகளின் மணம்தான் வந்தது, யாரோ அதன் வரிசையை மட்டும் மாற்றிவைத்த மாதிரி. கல்லாவில் கறுப்புச் சால்வை போட்ட ஒரு வயதான அம்மா இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

இந்த ஊர் பஸ்களில் என்னிடம் பலர் பல மொழிகளில் பேசியிருக்கிறார்கள். என் முகம் அப்படி. யாராவது நீளமாகப் பேசினால் இடையிடையே "ஓ... ஓ..." என்று போடுவதும் என் பழக்கம். அவர்களுடைய மொழியிலும் ஆமென்பதற்குக் கிட்டத்தட்ட அதே சத்தம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த அம்மா கேட்டுக்கொண்டே போனார். நான் எல்லாவற்றுக்கும் ஓ போட்டேன். அவர் அழுதபோது நானும் தலை குனிந்துகொண்டேன். சாப்பாடு வாங்க வந்தவனிடம் ஏன் இவ்வளவு துக்கம் என்று தோன்றியதுதான். ஆனால் புதிய இடத்தில் அவர்கள் முறைப்படி நடப்பதுதானே மரியாதை.

கடைசியில் "பிக்கப்" என்றேன்.

"பிக்கப், பிக்கப்" என்று அவரும் தலையாட்டினார்.

சமையலறையிலிருந்து ஒருவர் பெரிய அலுமினியத் தட்டு ஒன்றைத் தூக்கிவந்தார். பிறகு இன்னொன்று. பிறகு குழந்தையைக் குளிப்பாட்டக்கூடிய அளவில் ஒரு சட்டி. தோசை போலச் சுட்டுச் சுருட்டிய இஞ்ஜெரா ஒரு பெட்டி நிறைய. கோப்பிக்கொட்டை, சாம்பிராணி. கடைசியாகத் துணியில் சுற்றிய, தட்டையான ஏதோ ஒன்று. நானும் அந்த மனிதரும் மாறி மாறி வானுக்குள் ஏற்றினோம்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "நாலு பேருக்கு எண்டெல்லே சொன்னனீர்?"

"அவையின்ர நாலு பேர் இவ்வளவு சாப்பிடுவினம் போல" என்றேன்.

அந்த அம்மா கடை வாசலில் நின்று, வான் திரும்பும்வரைக்கும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தபடி இருந்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை போதவில்லை. சட்டியைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்தோம். மகள் துணியைப் பிரித்தாள். சட்டம் போட்ட ஒரு படம். கோட் போட்ட வயதான மனிதர் ஒருவர் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சீரியஸ்லி, இது என்ன?"

"கடையைத் துவங்கினவரா இருக்கும். விளம்பரத்துக்குக் குடுக்கினமாக்கும். எங்கட நகைக்கடைகள் கலண்டர் குடுக்கிறதில்லையே?"

மச்சான் படத்தை வாங்கி, மேசையில் தனக்கு எதிர்ப்பக்கத்துக் கதிரையில் சாய்த்துவைத்தார். "நல்ல முகம். ஆள் இருக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பிடத் தொடங்கினோம். இஞ்ஜெரா புளித்த அப்பம் மாதிரி இருந்தது. முதல் வாயில் முகம் சுளித்த மச்சான், சிவத்தப் பருப்போடு தொட்ட இரண்டாம் வாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கறி பிழையில்லை. உப்புத்தான் கொஞ்சம் காணாது" என்றபடி இன்னொரு சுருளை எடுத்தார். அப்போதுதான் தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன்.

ஒரு பெண், ஆங்கிலத்தில். "உங்கள் வீட்டிலிருந்துதானே நாலு பேருக்கு ஓர்டர் பண்ணினார்கள்?"

"ஓம். சாப்பாடு நல்லாயிருக்கிறது. ஆனால் நீங்கள் மிகவும் தாராளம்" என்றேன்.

அவர் மிகவும் பணிவாகச் சொன்னார்: "ஐயா, எங்களுடைய நாற்பதாம் நாளை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்."

"எதனுடைய நாற்பதாம் நாள்?"

"படம் உங்களிடம் இருக்கிறதா?"

எதிரே பார்த்தேன். "இருக்கிறது. சிரிக்கிறார்."

"அவருடையது."

பேசியவர் கடையின் சொந்தக்காரி. கல்லாவில் இருந்தது அவருடைய தாய். இறந்தவரின் தம்பி மகன் வேறு ஊரிலிருந்து வந்து சாப்பாட்டை எடுத்துப்போவான் என்று தாயிடம் சொல்லியிருந்தார்கள். அவனைத் தாய் முன்பின் கண்டதில்லை. நான் அவனில்லை என்று நானும் சொல்லவில்லை. பிறகு வந்த உண்மையான அவனிடம் எங்களுடைய நாலு பேர் பார்சலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேவாலய மண்டபத்தில் ஊர்ச்சனம் பசியோடு காத்திருக்கிறது.

நான் போனை வைத்ததும் மச்சான் கேட்டார். "என்னவாம்?"

"செத்தவீட்டுச் சாப்பாடாம். நாப்பதாம் நாளாம்."

"ஆருக்கு?"

நான் கண்ணால் காட்டினேன். இவ்வளவு நேரமும் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் சாப்பிட்டிருந்தார். கையிலிருந்த சுருள் தட்டில் விழுந்தது.

"படைச்சதோ?"

"இல்லை. இனித்தானாம்."

"ஐயோ கடவுளே! படைக்க முதல் திண்டிட்டமே! செத்த மனிசனை முன்னுக்கு இருத்திவைச்சுத் திண்டிட்டமே!"

உடனே எழுந்துபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். தலைமயிர் ஈரத்தோடு, தானும் வருவேன் என்று நின்றார். மனைவி கவனமாகத் தட்டுகளின் ஓரங்களைச் சமப்படுத்தி மூடினாள். எங்கள் கை பட்ட இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. படத்தைத் தட்டுகளோடு பின்னால் வைக்க மச்சான் விடவில்லை. "ஆளை இனியும் அவமதிக்கேலாது" என்று முன்சீற்றில் இருத்தி பெல்ற்றும் போட்டுவிட்டார். தான் பின்சீற்றில், மனைவிக்கும் மகளுக்கும் நடுவில், பருப்புச் சட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் நீள மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. நடுமேசையில் எங்களுடைய நாலு பேர் பார்சலின் கடதாசிப் பை மட்டும் திறந்தபடி இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைத் தலைப்பாகையோடு குருவானவர் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அற்புதம் ஏதாவது நடக்குமா என்று அவர் யோசித்திருக்கலாம்.

மச்சான் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி முதலில் நுழைந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். படத்தைக் கண்ட பெண்கள் அழத் தொடங்கினார்கள். செத்தவீட்டில் பெண்கள் அழுதால் மச்சானும் அழுதுவிடுவார். அவர் ஓவென்று அழ, யாரோ ஒரு பெரியவர் வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

இறந்தவரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். மச்சான் அவர் முன்னால் போய், இருந்த ஆங்கிலமெல்லாம் மறந்து, தமிழிலேயே சொன்னார்: "அம்மா, தெரியாமச் சாப்பிட்டிட்டம். படைக்க முதல் சாப்பிட்டிட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கே வந்திருந்த கடைக்காரி அதை அவர்களுடைய மொழியில் சொன்னார். இறந்தவரின் மனைவி ஏதோ கேட்டார். கேள்வி அதே வழியால் திரும்பிவந்தது.

"எந்தக் கறி எண்டு கேக்கிறா, மாமா."

"சிவத்தப் பருப்பு."

அடுத்த கேள்வி வந்தது. "எப்பிடி இருந்ததாம்?"

"நல்லாயிருந்தது அம்மா. உப்புத்தான் கொஞ்சம் காணாது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லாதே என்று தலையாட்டுவதற்குள் சொல்லிவிட்டாள். கடைக்காரியின் முகம் கறுத்தது. ஆனாலும் மொழிபெயர்த்தார்.

அந்த அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கடைக்காரியைக் காட்டி என்னவோ சொல்ல, மண்டபமே சிரித்தது. இறந்தவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் அந்தக் கடைப் பருப்பைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைக்காரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் உள்ளே போய் உப்பு எடுத்துவந்தார்.

குருவானவர் சாப்பாட்டை ஆசீர்வதித்தார். இறந்தவரின் மனைவி மச்சானைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். இஞ்ஜெராவில் பருப்பைச் சுருட்டி, அவருடைய வாய்க்குக் கொண்டுபோனார். பிறர் கை பட்ட தேத்தண்ணிக் கோப்பையையே மறுபடி கழுவுகிற மனிதர், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். ஒன்றோடு நிறுத்துவது முறையில்லை என்று யாரோ சொன்னார்கள். இன்னொன்றும் வாங்கிக்கொண்டார். மூன்றாவது வந்தபோது அவரே முன்னால் குனிந்தார்.

கிழமை ஒன்று போனபின் பிறம்ரனிலிருந்து போன் வந்தது. பின்னால் ட்ரக் இரைச்சல் கேட்டது.

"இஞ்சை பாரும், உவையளுக்கும் வருசம் முடியேக்க ஆட்டத்திவசம் இருக்காம். ஆரோ சொல்லிச்சினம். அந்தக் கடைக்காரியிட்டத் திகதியை ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

"உங்களுக்கு என்னத்துக்கு அது?"

"என்ன கதை கதைக்கிறீர்? லீவு முதலே போடவேணுமெல்லே" என்றார்.