மெழுகுவர்த்தி வளர்ந்த கதை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷம். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த என் மகள் ரொம்ப மெதுவாக, "அம்மா, காலையிலிருந்து இது அசையவே இல்லீங்க," என்றாள். எதற்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அந்த இரண்டு முள்ளும் இருந்த இருப்பு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எட்டாவது மாதம். அவளைக் காந்தலூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ஃபாக்டரியில் வேலை. முதல் பிள்ளை அங்கேதான் ஏழாம் மாதத்தில், இப்படித்தான், ஒருநாள் அசையாமல் போனது. ஜீப் கிடைத்து மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசியே ஆகவேண்டுமென்றால் 'போன தடவை' என்போம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, நான் வரவிடமாட்டேன். இந்தத் தடவை ஐந்தாம் மாதமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கோவிந்தாபுரத்தைத் தாண்டி, வயலுக்கு நடுவில் எங்கள் வீடு.

ஆடி மழை. தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போனதால் காலையிலிருந்து பஸ் இல்லை. என் கணவர் விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்தார். "வாய்க்கா மேட்டு வழியாச் சுத்திப் போயி நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வந்தர்றேன். நீ அவளைப் பயமுறுத்தாம இரு," என்றார். மழை அவரை வாசல் படலுக்கு வெளியிலேயே மறைத்துவிட்டது.

வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னேன். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் என் கையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள்.

"எதாச்சும் படிங்கம்மா."

"என்ன படிக்கட்டும் கண்ணு?"

"ஜப்பான்காரியைப் படிங்க."

எனக்குப் படக்கதைப் பைத்தியம் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்தாவது வரை படித்தவள், நாற்பத்து மூன்று வயதுக்காரி. என் கணவர் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் எனக்கொரு படக்கதைப் புத்தகம் வாங்காமல் திரும்பமாட்டார். முகமூடி, குதிரை, துப்பறியும் ஆள், எதுவானாலும் சரி. மகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே அவளை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தேன். அவள் பெரியவளாகியும் நான் விடவில்லை. என் நாத்தனார் ஒருமுறை எல்லார் முன்னிலும் கேட்டாள்: "பேரன் வந்து படிக்க வேண்டியதையெல்லாம் நீயே படிச்சுத் தீத்துப்போட்டா, அவனுக்கு என்னதான் வெச்சிருப்பே?"

"மீசைக்காரத் திருடன் இருக்கிற பக்கத்தை மட்டும் வெச்சிருக்கேன். உங்க தம்பி சாடையா இருக்கான்," என்றேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜப்பான்காரி கடையில் வாங்கியவள் அல்ல. போன வருஷம் ஜப்பானிலிருந்து உழவுக்குக் கைடிராக்டர் வந்த மரப்பெட்டிக்குள், இரும்புச் சாமானுக்கு நடுவில் அடைத்திருந்த தாள்களில் இருந்தவள். எல்லாம் கசங்கிக் கிழிந்திருந்தன. ஒரு சிறு கட்டு மட்டும் நடுவில் கம்பி குத்தியது குத்தியபடி முழுசாகக் கிடைத்தது. கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடு கொஞ்சம் ஆறவிட்டு ஒவ்வொரு தாளாகத் தேய்த்தேன். கிரீஸ் வாசனை மட்டும் போகவில்லை. கட்டம் கட்டமாகப் படம்; பேச்சுக் குமிழிக்குள் மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து. ஒன்றும் புரியாது. புரியாததுதான் வசதி. பேச்சை நானே போட்டுக்கொள்வேன். அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசுவாள்.

அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கூரையின் கண்ணாடி ஓட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால், கட்டில் மேல் விழுந்த வெளிச்சமும் நெளிந்து நெளிந்து ஓடியது. மகளின் முகம், தாள், சுவர், எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பது போலிருந்தது.

முதல் படத்தில் பனி. வெள்ளை வெளேரென்ற வெளியில் காலடித் தடம் மட்டும். அப்புறம் ஒரு வீடு, திறந்த கதவு. உள்ளே அந்தப் பெண். பாயில் ஒரு பெரியவர், முகத்தில் வெள்ளைத் துணி. பக்கத்தில் உருகி முடிந்த மெழுகுவர்த்தி, தரையில் உடைந்த கிண்ணம். அடுத்த பக்கத்தில் துணி இல்லை. அதற்கடுத்ததில் பெரியவர் கண்ணைத் திறக்கிறார். உடைந்த கிண்ணம் ஒட்டிக்கொண்டு அவள் கைக்கு ஏறுகிறது. மெழுகுவர்த்தி பக்கத்துக்குப் பக்கம் வளர்கிறது. கடைசியில் பெரியவர் உட்கார்ந்து, கிண்ணத்தில் ஏதோ குடித்துச் சிரிக்கிறார். செத்த அப்பாவை எழுப்பிவிடும் மந்திரக்காரி என்பதுதான் நாங்கள் கண்ட கதை. எத்தனை தடவை படித்திருப்போம். "ஏனுங்கப்பா, எந்திரிச்சு இந்தக் கஞ்சியக் குடிங்க," என்று அவள் சொல்லும் இடத்தை ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை சொல்லிக் காட்டுவேன்.

பாதியில் மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, மெழுகுவத்தி எங்காச்சும் வளருமா?"

"அந்த ஊர்ல வளரும்."

"வளராதுங்க. இதை நாம கடைசியிலிருந்து படிச்சிட்டிருக்கோம். ஜப்பான்காரங்க வலப்பக்கத்துல இருந்து ஆரம்பிப்பாங்களாட்ட இருக்குது."

நான் தாளைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அதற்குள் எல்லாம் திரும்பிக்கொண்டது. பெரியவர் குடிக்கிறார், படுக்கிறார், கண்ணை மூடுகிறார். கிண்ணம் விழுந்து உடைகிறது. முகத்தில் துணி. அவள் கதவைத் திறந்து போகிறாள். இந்த மூன்று மாதமாக ஒரு சாவை நாங்கள் சிரித்துச் சிரித்துப் படித்திருக்கிறோம். அதுவும் இன்றைக்கு, இவள் இப்படிக் கிடக்கும்போது. வாய்க்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டை மூடினேன்.

"மூடாதீங்க. அங்கிருந்தே சொல்லுங்க."

"வேண்டாம் சாமி. வேற புஸ்தகம் எடுக்கறேன். சிரிப்புக் கதை ஒண்ணு..."

"நீங்க சொல்லாட்டி நானே பாத்துக்கறேன். குடுங்க."

கொடுத்தேன். பயமுறுத்தாதே என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. யார் யாரைப் பயமுறுத்துவது? அவள் பக்கங்களை அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அவசரமே இல்லை. மழைச் சத்தமும் தாளின் சத்தமும்தான். துணி போர்த்திய முகத்தில் ரொம்ப நேரம் நின்றாள். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மடிப்பு ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. அவள் விட்ட மூச்சுதான் அது.

பனியில் காலடித் தடம் இருந்த படத்துக்கு வந்ததும், "அவ எங்க போறான்னு போடல," என்றாள்.

"கட்டு அதோட முடிஞ்சு போச்சு கண்ணு."

"போறா, அது போதும்." கட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "போன தடவை ஜீப்புல எறங்கறப்ப வழியெல்லாம் இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சு. மஞ்சு மூட்டம். முன்னாடி ஒண்ணுமே தெரியல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறோம்னு நெனச்சேன். பொம்பளப் புள்ள. நெறைய முடி இருந்துச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

"யாராட்ட இருந்துச்சு?" என்றேன்.

"உங்களாட்டம். மூக்கு மட்டும் அவங்க வகையில."

சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவள் பக்கத்தில், அந்தக் குறுகலான கட்டிலில் ஒடுங்கிப் படுத்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள்: அந்தப் பிள்ளையின் விரல்கள், அதைச் சுற்றிய எஸ்டேட் கம்பளி, மாப்பிள்ளை அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. அவளை நான் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரையில் கலைந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா, சொல்லத் தெரியவில்லை. பனியில் நாங்கள் இருவரும் நடப்பது போலிருந்தது. அவள் கையில் ஏதோ ஒரு மூட்டை. அதைத் திறந்து பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

படல் கிறீச்சிட்டது. நர்ஸம்மா. செருப்பைக் கையில் பிடித்து, முழங்கால்வரை சேறாக, முதுகுப் பக்கம் மடங்கிப்போன குடையோடு வந்தார். பின்னால் என் கணவர், நர்ஸம்மாவின் பையைத் தலையில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஆலத்தூர்ப் பக்கத்து மலையாளத்துக்காரர் நர்ஸம்மா. எங்களோடு அவருக்கு வந்த தமிழில் பேசுவார். அன்று நேராகக் கட்டிலுக்கு வந்தார். கையைத் துடைத்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை ஓரிடத்தில் வைத்துக் காதைக் கொடுத்தார். நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். கண்ணை மூடியபடியே கையை உயர்த்தி என்னை அடக்கினார். என் கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவரிடமிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா காதை எடுக்காமலே, என் மகளின் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"குழந்தை உறக்கமாணு," என்றார். "நல்ல உறக்கம். அம்மையும் மகளும் சத்தம் போட்டு எழுப்பாதிருந்தா போதும்."