கைராசிக்கார சிஸ்டர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவளத்தில் நடந்தது இது. படூரில் இருந்துகொண்டு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் நான். இருபது வருஷ சர்வீஸ். 'எனக்கே சொல்லித் தர்றியா?' என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. இல்லையென்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

அன்றைக்குப் போன வீட்டில் நோயாளி ஒரு படகு இன்ஜின் மெக்கானிக். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். சிறுநீர் போக டியூப் போட்டிருந்தது. காலையிலிருந்து பையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி இருந்தது, மனுஷன் வலியில் துடித்தார். டாக்டருக்கு போன் போட்டேன். டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சலைன் விட்டு மெதுவாகக் கழுவுங்கள் என்றார். "பாத்துட்டேன் சார்" என்றேன். பார்த்தது என்னவோ வெளியே தெரிந்த டியூபை மட்டும்தான். ஆம்பளை கூசுவாரே என்று லுங்கியை விலக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவசரம். இன்னும் இரண்டு வீடு பாக்கி.

பையைக் கழற்றி, சிரிஞ்சைப் பொருத்தி, சலைனைத் தள்ளினேன். போகவில்லை. எதிர்த்தால் உடனே நிறுத்தணும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஏதோ அடைச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போயிடும் என்று கட்டைவிரலை ஊன்றினேன்.

சட்டென்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வாணாம் சிஸ்டர். டீசல் டியூப் அடைச்சிகினா நாங்க அழுத்த மாட்டோம். எங்க மடங்கிகீதுன்னு மொதல்ல தடவிப் பாப்போம். அழுத்துனா பிச்சிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்ஜினும் உடம்பும் ஒண்ணா? ஆனால் அவர் பிடியை விடுகிற மாதிரி இல்லை. வேறு வழியில்லாமல் லுங்கியை விலக்கினேன். ஐயோ! தொடையில் டியூப் இரண்டாக மடிந்து, துணிப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது.

கட்டை அவிழ்த்து, புதுப் பை மாட்டினேன். கடகடவென்று இறங்கியது. அவர் கண்ணை மூடி "அப்பாடா" என்றார். ஏற்கெனவே நிறைந்து கிடந்த மூத்திரப்பைக்குள் தண்ணீரைப் பீய்ச்சியிருப்பேனே, பகவானே!

டீயோடு வந்த அவர் மனைவி அந்தத் துணிப் பட்டையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"காலைல சொந்தக்காரங்க பாக்க வந்தாங்க சிஸ்டர். பையப் பாத்தா இவுரு கூசுவாரேன்னு நான்தான் லுங்கிக்குள்ள மடிச்சிக் கட்னேன். அவுங்க போனதும் பைய எடுத்து வெளியே வுட்டேன், இந்தக் கட்ட அவுக்க மறந்துட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அழுவாத. அதான் சிஸ்டர் கண்டுபுடிச்சிட்டாங்க இல்ல?"

அந்தம்மா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கைராசிக்காரங்க நீங்க" என்றாள். நானும் அந்தப் பேரை வாங்கிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வெட்கக்கேடு. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் நோயாளியிடம் கேட்டுவிட்டு, துணியை விலக்கி, டியூபை முழுசாகத் தடவிப் பார்த்த பிறகுதான் சிரிஞ்சைத் தொடுகிறேன். கைராசிக்காரி என்று யார் சொன்னாலும், என் மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. ராசி அந்தக் கைக்குத்தான்.