போர்டு கழற்றிய வண்டி

என் வகுப்பில் நொல்பெர்த்தோவுக்கு எத்தனை மனைவிகள் என்று கேட்டால் எனக்கே கணக்குத் தெரியாது. கோடையில் யஸ்னாவின் இடுப்பை அமுக்கிவிட்டுக்கொண்டிருப்பார். குளிர் தொடங்கும்போது பார்த்தால் காரெனின் முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பார். அந்தப் பெண்களின் நிஜக் கணவர்கள் அந்நேரம் பாலைவனத்தில், செம்புச் சுரங்கத்தில் இருப்பார்கள். எங்கள் ஊரான அந்தொஃபகஸ்தாவில் பாதி வீடுகளின் கதை இதுதான். ஒரு வாரம் மேலே சுரங்கம், ஒரு வாரம் கீழே வீடு. டாக்டர் பிரசவத் தேதியைச் சொன்னதும் எங்கள் பெண்கள் வயிற்றைத் தடவிப் பார்ப்பதில்லை, அடுக்களையில் ஒட்டியிருக்கும் ஷிப்டு அட்டவணையைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த அட்டவணையை யாரும் காட்டுவதில்லை.

நான் ஓரியெத்தா. இங்கே அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. வியாழக்கிழமை சாயங்காலம் பிரசவ வகுப்பு எடுக்கிறேன். உட்காருகிற அளவுக்குப் பெரிய நாலைந்து ரப்பர் பந்து, பாய்கள், கழுத்து நிற்காத ஒரு பிளாஸ்டிக் குழந்தை, இவைதான் என் சொத்து. என் குரல் பெரிது என்று குறை சொல்கிறார்கள். பொம்மைக்கு டயப்பரை முன்பின் மாற்றிக் கட்டிவிட்டு பெருமையாக நிற்கும் ஆண்களிடம் வேறு எந்தக் குரலில் பேசுவது?

நொல்பெர்த்தோ ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டியின் கூரையில் தடம் எண் எழுதிய போர்டு இருக்கும். நாலு பேர் ஏறினால் வண்டி நகரும். ஒருநாள் யஸ்னாவை வகுப்பில் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிப்போவதற்காக நடைபாதையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். உள்ளே எல்லாரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். யஸ்னா மட்டும் தனியாகப் பந்தின் மேல் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாக வருகிறேன் என்ற அம்மா கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள்.

"டிரைவர்! உள்ள வாங்க," என்றேன்.

"நானா சிஸ்டர்? நான் வண்டிக்காரன்."

"கை ரெண்டும் இருக்கில்ல?"

"ஒரு கையில ரொட்டி இருக்கு."

"முழுங்கிட்டு வாங்க. இந்தப் பொண்ணு இடுப்ப அமுக்கணும்."

வந்தார். முதல் நாள் பயந்து பயந்து ஒரு விரலால் அமுக்கினார். அடுத்த மாதம் பக்கத்தில் இருந்த கணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாருக்குத் துணை இல்லையென்றாலும் அவர்தான். அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகன், ஒரே பிள்ளை. வாடகை வீட்டில் ஒரு கிழட்டுப் பூனையோடு இருந்தார். சாப்பாடு, குடை, சிகரெட், ஜோக்கு எதுவாக இருந்தாலும் வண்டியில் இருக்கிற நாலு பேருக்கும் பங்கு வைத்துவிடுவார். எங்கள் ஊரில் மழையே பெய்யாது. அப்படியும் குடை வைத்திருந்தார் என்றால் மனிதர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி வரும்போது மூச்சை எப்படி விடுவது என்று ஒரு நாள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நொல்பெர்த்தோ தன் பாட்டுக்கு யஸ்னாவின் காதில் வேறு ஏதோ ஓதினார்.

"சந்தையில இருந்து கிளம்பிட்டோம். சமமான ரோடு, பயமில்ல. இப்ப ரயில்வே கேட்டு, லேசா தூக்கிப் போடும். அடுத்து நாய்ங்க படுத்திருக்கிற முக்கு. இனிமே மேடு. ஃபர்ஸ்ட் கியர். வண்டி முக்குது, முக்கட்டும். தோ, தண்ணித் தொட்டி! இதுக்கு மேல மேடு கிடையாது. இனி இறக்கம்தான். கடல் தெரியுதா? தெரியுதில்ல? மூச்ச விடு."

"இது வகுப்பா, டாக்ஸி ஸ்டாண்டா?" என்று சத்தம் போட்டேன். ஆனால் யஸ்னாவின் தோள் தளர்ந்து இறங்கியதையும் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி இறங்காத பெண் எங்கள் ஊரில் இல்லை. வலிக்கு ஒரு உச்சி இருக்கிறது, அப்புறம் அது கட்டாயம் இறங்கும் என்று நான் படம் வரைந்து காட்டுவதைத்தான் அவர் ரோடு போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு நான் மேட்டுக்கு இன்ன மூச்சு, இறக்கத்துக்கு இன்ன மூச்சு என்று பிரித்துச் சேர்த்துக்கொடுத்தேன். பிரசவ அறையில் பெண்கள் "தொட்டி வந்திடுச்சா சிஸ்டர்?" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் எந்தத் தொட்டி என்று தேடினார்.

இப்படி ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாவாக நடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு யெர்கா வந்து வாய்த்தாள். மீன் இறங்குதுறையில் தள்ளுவண்டி வைத்து, இறாலும் சீஸும் வைத்து மடித்துப் பொரித்த எம்பனாடா விற்கிறவள். நாற்பதைத் தாண்டியவள். துறையில் கடல் சிங்கங்கள் குலைக்கும் சத்தத்துக்கு மேலே கூவி விற்றுப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டைக்கு முன்னால் நானே வாயை மூடிக்கொள்வேன். நொல்பெர்த்தோ தினமும் மத்தியானம் அங்கே போய்த் தின்றார். தின்றே எடை கூடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையிலிருந்து போர்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டில் வடக்கே போனார். போர்டு இல்லாமல் அந்த வண்டியை யாரும் பார்த்ததே இல்லை. கை காட்டியவர்களுக்கெல்லாம் அவர் நிறுத்தாமல் போனதை ஊரே பேசியது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது யெர்காவின் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று துறையே கேட்டது. மீன்காரர்கள் கேலி செய்தார்கள், அவளுடைய தங்கை டங்கா கெஞ்சினாள். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. எதையும் நாலு பேருக்குப் பங்கு வைக்கிற நொல்பெர்த்தோ அதை மட்டும் தரவில்லை. அந்த வருஷமே கல்யாணம். பூனைக்கு இறால் யோகம்.

யெர்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்த வயதில் இனி இல்லை என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவள். முதல் வியாழக்கிழமை இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தபோது நான் கை தட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள்.

சனியன் அன்றைக்கே பிடித்தது. மரிசோல் என்று ஒரு சின்னப் பெண், புருஷன் மேலே சுரங்கத்தில். தனியாக நின்றாள். நொல்பெர்த்தோ பழக்கதோஷத்தில் மனைவியைப் பந்தில் உட்காரவைத்துவிட்டு மரிசோலின் இடுப்பில் கையை வைத்து, "சந்தையில இருந்து கிளம்பிட்டோம்," என்று ஆரம்பித்துவிட்டார். அங்கே நாய் முக்கு வரை போய்விட்டு, இங்கே திரும்பி யெர்காவிடமும் "சந்தையில இருந்து..." என்றார்.

"நிறுத்துய்யா!" என்றாள் யெர்கா.

"என்ன புள்ள?"

"அவளுக்கும் சந்தை, எனக்கும் சந்தையா? நான் என்ன உன் வண்டியில நாலாவது சீட்டா?"

"வலிக்கு நல்லா கேக்கும் புள்ள, எல்லாரும்..."

"எல்லாருக்கும் சொன்னத எனக்குச் சொல்லாத. எனக்குன்னு ஏதாவது வச்சிருந்தா உள்ள வா. இல்லன்னா டங்கா வரட்டும்."

பிரசவ அறைக்குள் ஒரே ஒருவருக்குத்தான் இடம். யார் என்று சொல்கிற உரிமை வலிப்படப் போகிறவளுக்கு. அதில் நான்கூட மூக்கை நுழைக்க முடியாது. அடுத்த வியாழனிலிருந்து யெர்காவோடு டங்கா வந்தாள். சூயிங்கம் மென்றுகொண்டு, அக்காவின் முதுகை மாவு பிசைவது மாதிரி பிசைந்தாள். நொல்பெர்த்தோ மரிசோலுக்குத் துணையாக மூலையில் இருந்தார். கை வேலை செய்தது. கண் மட்டும் எதிர்ப்பக்கமே போய்ப்போய் வந்தது.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "சிஸ்டர், அவளுக்குன்னு என்னத்தச் சொல்றது? பாட்டுப் பாடட்டுமா?"

"உங்க பாட்ட நான் கேட்டிருக்கேன். வேண்டாம்."

"ஜோக்கு?"

"உங்க ஜோக்கு வண்டியில ஏறின எல்லாருக்கும் மனப்பாடம்."

"என் பிள்ள பொறக்கும்போது நான் கதவுக்கு வெளியவா சிஸ்டர் நிக்கணும்?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. எத்தனையோ பெண்களை அந்தக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டவர். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை.

எனக்கு அழுகை வந்தது. வந்ததால் அதட்டினேன். "மூச்சு விட நான் சொல்லித்தருவேன். பொண்டாட்டிகிட்ட பேச நானா சொல்லித்தரணும்? போங்க."

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். ராத்திரி ஒரே தட்டில்தான் சாப்பாடு. தொட்டிலுக்கு அவர் மஞ்சள் அடித்தார், அவள் வேறு மஞ்சள் வேண்டும் என்றாள், மறுபடி அடித்தார். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவள் பிடித்த பிடியை விடவில்லை.

மத்தியான வியாபாரம் மும்முரமாக இருந்தபோது யெர்காவுக்குப் பனிக்குடம் உடைந்தது. எண்ணெயில் கிடந்ததைப் பொரித்து எடுத்துக் காசு வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாளாம். டங்கா கூட்டிவந்தாள். நான் பார்த்தபோதே வலி நன்றாகப் பிடித்துவிட்டது.

நொல்பெர்த்தோவுக்கு போன் போனபோது வண்டியில் நாலு சீட்டும் நிறைந்திருந்தது. இறக்கிவிடுகிறேன் என்று அவர் சொல்லியும் ஒருவரும் இறங்கவில்லை. நாலு பேரோடும் வாசலில் வந்து நின்றார். காய்கறிப் பையோடு ஒரு கிழவர், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஒரு போஸ்ட்மேன். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

உள்ளே யெர்கா டங்காவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. நொல்பெர்த்தோ வாசற்படியிலேயே நின்றார். கக்கத்தில் ஏதோ பெரிதாக இடுக்கிக்கொண்டிருந்தார். வண்டியின் கூரைப் போர்டு. அவசரத்தில் பிடுங்கியதில் ஒரு திருகாணி அதிலேயே தொங்கியது.

"போர்டக் கழட்டிட்டேன் புள்ள," என்றார்.

யெர்கா அவரைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். அடுத்த வலி தொடங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைய்யா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை," என்றார். அன்றைக்கு செவ்வாய்.

"டங்கா, வெளிய போ. போய்த் தள்ளுவண்டியப் பாத்துக்க, அடுப்ப அணைச்சேனான்னு தெரியல."

நொல்பெர்த்தோ உள்ளே வந்து, போர்டை ஜன்னல் மேடையில் எண் தெரியாதபடி குப்புற வைத்தார். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். சந்தை வரவில்லை, தொட்டி வரவில்லை.

"நீ பச்ச ஸ்வெட்டர் போட்டிருந்த," என்றார்.

"நீலம்!" என்று கத்தினாள் யெர்கா, வலியின் உச்சியில்.

"சரி, நீலம். பெட்ரோல் போட நின்னோம்."

"அதுக்கு முன்னாடி... திருப்பத்துல... அந்த ஆளு..."

"ஆமா, அந்த ஆளு. மறந்தே போயிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையின் ரோட்டில் இரண்டு பேரும் போனார்கள். ஒவ்வொரு வலிக்கும் கொஞ்ச தூரம். அவர் தப்பாகச் சொன்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். வலி தணிந்த இடைவெளியில் கண்ணை மூடிக்கொண்டு, "அங்கயே நில்லு, போயிடாத," என்றாள். நான் குனிந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எல்லாம் விழுந்தது. தலை தெரிகிற நேரத்தில் கதை செருப்புக்கு வந்தது. யெர்கா சிரித்தாள். என் வேலைக்காலத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு பெண் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்போடு முக்கினாள், பெண் குழந்தை வந்தது. வெளியே பெஞ்சில் இருந்த நாலு பேரும் கை தட்டியது உள்ளே கேட்டது.

அந்தச் செருப்பு எங்கே போயிற்று என்று எனக்கு இப்போது தெரியும். துறையில் இன்னும் என்னைத் துளைக்கிறார்கள். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

நொல்பெர்த்தோ இப்போதும் வியாழக்கிழமை வருகிறார். மார்பில் துணியைக் கட்டி மகள் மிலெங்காவைத் தூக்கிக்கொண்டு, துணையில்லாத பெண்களைச் சந்தையிலிருந்து தொட்டி வரைக்கும் கூட்டிப்போய்க் கடலைக் காட்டி இறக்கிவிடுகிறார். சில நாள் யெர்காவும் கடையை மூடிவிட்டு வந்து, கதவோரம் நின்று மீந்த எம்பனாடாவை எல்லாருக்கும் கொடுப்பாள். அவர் யார் இடுப்பை அமுக்கினாலும் அவள் இப்போது கண்டுகொள்வதில்லை.

போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண் விஷயம் கேள்விப்பட்டு ஆசையாகக் கேட்டாள். "உங்க வீட்டம்மாவுக்கு வேற ஒரு ரூட்டு சொன்னீங்களாமே. அத எனக்கும் சொல்லுங்களேன்."

நொல்பெர்த்தோ சட்டென்று என்னைப் பார்த்தார், நான் ஏதாவது உளறிவிட்டேனோ என்று. நான் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். கதவோரம் யெர்கா எம்பனாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அந்த வண்டிக்கு போர்டு கிடையாதும்மா," என்றார் அவர். "கை காட்டினா நிக்காது."