பாதியில் வெட்டிய காமன் கூத்து

நீலகிரியில் ஜெகதளா பக்கத்தில் முதன்முதலாக டிவி பெட்டி வாங்கியவன் நான்தான். எஸ்டேட் துரை பங்களாவில்கூட அப்போது கிடையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது ஒரு தகரப் பெட்டி, மனைவி, நடக்கப் பழகிய மகள், அவ்வளவுதான் என் சொத்து. முதலில் விறகு வெட்டினேன். அப்புறம் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சை இலை வாங்கி டீ ஃபேக்டரிக்குப் போடும் ஏஜெண்ட் ஆனேன். என்னோடு வந்தவர்கள் சர்க்கார் கொடுத்த காலனியில் ஓடு ஒழுகுகிறது என்று மனுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் மாடி கட்டினேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

நம் நாட்டு டிவி அந்த நாளில் மலை ஏறவில்லை. வந்தது சிலோன் டிவிதான். வீட்டுக்கு மேலே உள்ள மேட்டில் இரண்டு கற்பூர மரக் கம்பங்களை ஒன்றோடொன்று கட்டி, உச்சியில் ஆன்டெனா வைத்துத் தெற்கே திருப்பினால், மேகம் இறங்காத நாளில் படம் தெரியும். எங்களை மூட்டை கட்டி அனுப்பிய நாட்டின் படம் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் என் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

எனக்கு ஒரே அக்கா. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள். அவள் புருஷன் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். நான் இந்தியாவுக்கு எழுதினேன். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் சுவரை ஒட்டிக் குடியிருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். நாங்கள் ரயில் ஏறிய அன்று அக்கா என் மகளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

“தம்பி, இவ எம்மகனுக்குத்தான். இது விட்டுப்போச்சுன்னா அப்பறம் நீ யாரோ நான் யாரோ.”

சத்தியம் செய்து கொடுத்தேன். இரண்டு நாட்டையும் ஒன்றாகக் கட்டுவதற்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு கல்யாணம்தான்.

மகளுக்குக் கல்யாண வயது வந்தது. அந்தப் பங்குனியில் அக்கா இருக்கும் தோட்டத்திலிருந்து தப்படிக்கிறவர் ஒருவர் குடும்பத்தோடு வந்து காலனியில் சேர்ந்தார். வந்த கையோடு என்னைத் தேடி வந்தார்.

“இந்த வருசம் காமன் கூத்துல உங்க மருமகன்தாங்க ரதி. டிவிக்காரங்க வந்து படம் புடிச்சாங்க. சித்திரை வருசப் பொறப்புக்குப் போடுவாங்களாம்.”

காமன் கூத்து எங்கள் தோட்டத்து ஜனங்களின் உயிர். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். அவன் மனைவி ரதி தாலியைக் கழற்றி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் காமனை எழுப்பி, ரதிக்கு மறுபடி தாலி கட்டுவார்கள். ரதி வேஷம் ஆண்தான் கட்டுவான். விரதம் இருந்து கட்டுகிற வேஷம், கேட்டவனுக்கெல்லாம் கிடைக்காது. எரித்த காமனை எழுப்பாமல் விட்டால் லயத்துக்கே ஆகாது என்பார்கள்.

வருடப் பிறப்பன்று காலனி முழுவதும் என் கூடத்தில் இருந்தது. கோயமுத்தூர்க்காரரான மளிகைக்கடைக்காரரையும் ஃபேக்டரி கிளார்க்கையும்கூட அழைத்து நாற்காலி போட்டேன். என் மாப்பிள்ளை டிவியில் வரும்போது நாலு பெரிய மனிதர்கள் பார்க்க வேண்டாமா?

கூத்து வந்தது. தப்புச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் ஒருவன் சிங்களத்தில் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். நெருப்பு எரிந்தது. சேலை கட்டி, கண்மை வழிய, மார்பில் அடித்துக்கொண்டு என் அக்கா மகன் வந்தான்.

கடைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். “ஏனுங்க, மாப்பளையக் காட்டறேன்னு கூப்புட்டுப் போட்டு, பொண்ணக் காட்டறீங்க?”

கிளார்க் விடுவாரா? “சேலை அம்சமாத்தானுங்க கட்டிருக்காரு. கல்யாணத்துக்கு ரெண்டு கூறைப் புடவையா எடுத்துருங்க.”

நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தரையில் இருந்த எங்கள் பெண்கள் ரதியோடு சேர்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டு வாசலில் நின்ற என் மகள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரதி தாலியைக் கழற்றினாள். அந்த இடத்தில் பட்டென்று ஒரு கொழுத்த குழந்தை வந்து பால் மாவு குடித்தது. பிறகு சிங்களச் செய்தி. யாரும் எழுந்திருக்கவில்லை. காமனை எழுப்பாமல் எப்படிப் போவது?

தப்படிக்கிறவர்தான் சொன்னார். “எழுப்புனதையும் புடிச்சாங்க. நாந்தான் தப்படிச்சேன். மூணாம் நாள் போடுவாங்களா இருக்கும்.”

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. கூத்தில் மூன்றாம் நாள் என்றால் டிவியிலும் மூன்றாம் நாள்தானே?

மூன்றாம் நாள் தலைக்குக் குளித்து, தட்டில் தேங்காயும் மஞ்சள் கயிறும் கற்பூரமுமாக வந்தார்கள். பெட்டியைப் போட்டேன். ஒரு வெள்ளைக்காரி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வெள்ளைக்காரன் கூரையிலிருந்து குதித்துச் சுட்டான். செய்தி வரும் மட்டும் தட்டோடு காத்திருந்தோம். கற்பூரத்தை ஏற்றவே இல்லை. எந்தச் சீமையிலோ எடுத்த கதை கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஒரு துண்டும் குறையாமல் நீலகிரிக்கும் வந்துவிட்டது. எங்கள் கூத்து அந்தச் சின்னக் கடலைத் தாண்டுவதற்குள் பாதியாகிப் போனது. கத்தரி பிடித்தவனுக்கு அது யாரோ தோட்டக்காட்டான் ஆடும் ஆட்டம்.

அன்றோடு என் மனைவி மாறிவிட்டாள்.

“தாலியக் கழட்டி அழுத கோலத்துல ஊரே பாத்தாச்சு. திருப்பிக் கட்டுனத யாரு பாத்தா? எம்மகளக் குடுக்க மாட்டேன்.”

“அடியே, அங்க எழுப்பிட்டாங்கடி!”

“அங்க எழுப்புனாங்க. நம்ம வீட்டுல எழுப்பலையே.”

ஃபேக்டரி மேனேஜரிடம் இலைக்கு விலை பேசி ஜெயித்தவன் நான். இவளிடம் என் பேச்சு எடுபடவில்லை. காலனிப் பெண்கள் எல்லோரும் அவள் பக்கம். இதற்குள் நாற்காலிக்காரர்கள் சிரித்த சிரிப்பும் யார் மூலமாகவோ கடல் தாண்டிவிட்டது. அதை மட்டும் யாரும் வெட்டவில்லை. அடுத்த கப்பலில் வந்த ஒரு கிழவியிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். கிழவி அதை அப்படியே ஒப்பித்தாள்.

“எம்மகன் வெரதமிருந்து கட்டுன வேஷம் தம்பி வீட்டுல கடைக்காரனுக்குச் சிரிப்பாப் போச்சா, மாடி வீட்டுக்காரனுக்கு நாங்க எதுக்குன்னு கேக்கச் சொன்னாங்கய்யா.”

நேரில் போய்க் காலில் விழுந்தாவது சரிக்கட்டிவிடலாம் என்று இருந்தேன். ஆடியில் அங்கே கலவரம். கப்பல் நின்றுபோனது. அக்கா இருக்கிறாளா, எரித்துவிட்டார்களா என்று பார்க்க அதே பெட்டியைப் போட்டேன். யாரோ பாடினார்கள், யாரோ பந்து விளையாடினார்கள். எரிந்த ஒரு லயத்தைக்கூடக் காட்டவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னபோது, மனைவி குன்னூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தாள். குன்னூரே வாயைப் பிளக்கும்படி அந்தக் கல்யாணத்தைச் செய்தேன். அக்கா பிறகு என்னோடு பேசவே இல்லை.

அவள் செத்த பிறகுதான் போனேன், விமானத்தில். எங்கள் காலனியில் வேறு யார் விமானம் ஏறினார்கள்? பழைய லயம்தான், கூரையில் மட்டும் டிஷ் வைத்திருந்தார்கள். உள்ளே மருமகன், நரைத்த தலையோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மெட்ராஸ் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் முழுசாக வருகிறதாம்.

“உக்காருங்க மாமா. இது முடியட்டும்.”

உட்கார்ந்தேன். விளம்பரம் வந்தபோது கேட்டான்.

“உங்க மக நல்லா இருக்காங்களா?”

“ராணியாட்டம் இருக்கா. அவளுக்கு என்ன கொறச்சல்?”

குடிகாரனை விட்டுவிட்டு வந்து அவள் என் வீட்டு மாடியில் இருப்பதை இவனிடம் நான் எதற்குச் சொல்ல வேண்டும்?