ஈறு நிற விளிம்பு வைத்த குழல்

என் தங்கை பல் செய்கிறவள். இப்படி ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பல் டாக்டர்தான் பல் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார், அச்சு எடுப்பார், பணம் வாங்குவார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாக வரிசை பிடித்து, ஈறு நிறத்தில் அக்ரிலிக் ஊற்றி, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புகிறவள் இவள். பத்தொன்பது வருஷமாக. பல் பொருந்தினால் டாக்டர் கைராசிக்காரர். உரசினால், "பின்னாடி செய்யறவங்க சொதப்பிட்டாங்க." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வராது. சின்ன வயசிலிருந்தே வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்றுதான் பெயர். அவள் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசித்தான் எனக்கு வாயாடி என்று பட்டம் கிடைத்தது.

போன வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வித்துவான் வந்தார். ஜப்பான் குழல் வாசிப்பவர். ஷாகுஹாச்சி என்று அதற்குப் பெயராம். பக்கவாட்டில் பிடிப்பதில்லை. நேராக நிமிர்த்தி, மேல் நுனியைக் கீழ் உதட்டில் வைத்து ஊத வேண்டும். நாற்பது வருஷமாக ஊதியவருக்கு மேல் வரிசைப் பல்லெல்லாம் ஆடிப்போய், எடுத்துவிட்டு செட் வைத்துக்கொண்டார். வைத்த அன்றே திரும்பி வந்தார். சுரம் வரவில்லை, வெறும் காற்றுதான் வருகிறது, ஆறு வாரத்தில் கச்சேரி, பல் செய்தவனைக் கூப்பிடு என்று ஒரே ரகளை. என் தங்கை பிரித்து மறுபடி செய்தாள். திரும்பி வந்தது. இன்னொரு முறை செய்தாள். அதுவும் வந்தது.

"நாலாவது தடவையும் திரும்பி வந்துச்சுன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்மா" என்றார் டாக்டர். பத்தொன்பது வருஷத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். "அந்தக் குழலை ஒரு நாள் விட்டுட்டுப் போகச் சொல்லுங்க டாக்டர். உதட்டுல எங்க உட்காருதுன்னு பார்த்தாத்தான் தெரியும்." டாக்டர் முன்னறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மூங்கில் குழலை, பல் அச்சுக்குப் பிளாஸ்டர் குழைக்கிற கையால் தொடக் கூடாதாம். அடேங்கப்பா! இவள் கையால் செய்த பல் மட்டும் அவர் வாய்க்குள் இருக்கலாமாம்!

நானாக இருந்தால் அன்றே வேலையைத் தூக்கி எறிந்திருப்பேன். இவள் நேராக என் வீட்டுக்கு வந்து, "அக்கா, பாத்ரூம் வேலைக்கு வாங்கின பிளாஸ்டிக் குழாய் மிச்சம் இருக்கா?" என்றாள்.

செல்போனில் பார்த்து அளவெடுத்தாள். ஐம்பத்துநாலரை சென்டிமீட்டர். முன்னால் நாலு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. மேல் நுனியைச் சாய்வாகச் சீவினாள். அந்த விளிம்பில் காற்று மோதிப் பிளந்தால்தான் சத்தமாம். அடி நுனியை என் கேஸ் அடுப்பில் காட்டி இளக்கி, சோடா பாட்டில் கழுத்தைச் சொருகி விரித்தாள். வீடெல்லாம் ஒரே நாற்றம். என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

முதல் குழல் ஊமை. இரண்டாவதில் மூன்றாம் துளை மேலே ஏறிப்போய் ஒரு சுரம் தப்பியது. அதை ஈறு செய்கிற அக்ரிலிக்கால் அடைத்து, கீழே தள்ளி மறுபடி துளைத்தாள். துளையைக் கொஞ்சம் தேய்த்துப் பெரிதாக்கினால் சுரம் ஏறும், அடைத்தால் இறங்கும். நகத்தளவு தேய்ப்பாள், ஊதுவாள், சுரம் சரியா என்று செல்போனில் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். ஊதும் விளிம்பு பிளாஸ்டிக்கில் மழுங்கிக்கொண்டே இருந்தது. அங்கேயும் அதே ஈறு அக்ரிலிக்கைப் பதித்துக் கூராக்கினாள். சாம்பல் நிறக் குழாய்க்கு இளஞ்சிவப்பு வாய். உள்பக்கத்தைக் குச்சியில் துணி சுற்றி வழுவழுப்பாக்கினாள், வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டாள். கடைசியில் பல்லுக்குப் போடுகிற பாலிஷே இதற்கும்.

இவ்வளவு செய்தவளுக்கு ஏதாவது உதவலாமே என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் பழுப்பு நகப்பூச்சால் மூங்கில் கணு மாதிரி வளையம் வளையமாகப் போட்டு வைத்தேன். வந்து பார்த்தவள் துடைத்துவிட்டாள்.

"ஏன்டீ, பார்க்க அழகா இருந்துச்சே?"

"இது குழாய்தான்க்கா. மூங்கில்னு யாரை ஏமாத்தணும்?"

சுரமெல்லாம் சரியாக வரவே பதினோரு நாள் ஆனது. அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்த்துத்தான் நான் வாயடைத்துப் போனேன். மெழுகைத் தட்டித் தன் முன்பல் மேல் ஒட்டிக்கொண்டு ஊதினாள். அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சுரம் வந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு இருமியது. இரண்டு ஆனதும் அடுப்பு ஊதுகிற மாதிரி வெறும் காற்று. மெழுகைப் பிய்த்துவிட்டு ஊதினால் சுரம் கணீரென்று வந்தது.

மறுநாள் அலமாரியில் தேடி, வித்துவானின் பழைய பற்களுக்கு எடுத்த அச்சைக் கண்டுபிடித்தாள். நாற்பது வருஷம் ஊதிய பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. புது செட்டோ அதைவிட இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நின்றது. ஏன் தெரியுமா? வித்துவான் தன் இருபத்தைந்து வயது போட்டோவைக் கொடுத்து, இதே சிரிப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்! டாக்டர் அந்தப் போட்டோவைச் சீட்டோடு பின் அடித்துப் பின்னறைக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று முறையும் அதே போட்டோ, அச்சுப் பிசகாமல் அதே பல். ஆசைப்பட்டது அவர், தலையாட்டியது டாக்டர், வேலை போகப்போவது என் தங்கைக்கு. ஊருக்கு இளைத்தவள் இவள்தானா?

நாலாவது செட்டைப் பழைய அச்சின்படி உள்ளே தள்ளிச் செய்தாள். அதைப் பொருத்தும் நாளில் நானும் போனேன். ஏதாவது ஏடாகூடமாகப் பேசினால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவது என்றுதான் போனேன்.

நினைத்தபடியே ஆனது. வித்துவான் பல்லை மாட்டினார், கண்ணாடியைப் பார்த்தார், ஊதிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன சார் இது? கிழவன் மாதிரி இருக்கேன்!" என்று கத்தினார். டாக்டர் பின்னறைக்கு வந்து, "நான் சொன்னதைச் செய்யாம உன் இஷ்டத்துக்குச் செஞ்சியா? நாளையிலேருந்து வராதே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை எழுந்துவிட்டாள். ஒரு கையில் குழாய், ஒரு கையில் மெழுகு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக முன்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, பாருங்க. இது உங்க போட்டோவுல இருக்கற பல்லு" என்று மெழுகை ஒட்டிக்கொண்டு ஊதினாள். காற்று. பிய்த்தாள். "இது நாற்பது வருஷமா நீங்க ஊதின பல்லு." ஊதினாள். அந்தச் சின்ன அறை முழுக்கச் சுரம் நின்றது. காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வித்துவான் குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பட்டுறையிலிருந்து மூங்கிலை எடுத்து உதட்டில் வைத்தார். வந்துவிட்டது. முதல் மூச்சிலேயே வந்துவிட்டது. அந்த ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். கண் ஓரம் ஈரமாகிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

குழலை இறக்கிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க டாக்டர். போட்டோவைக் குடுத்தது என் தப்பு."

டாக்டரும் பெருந்தன்மையாக, "பரவாயில்லை சார், பரவாயில்லை" என்றார். பரவாயில்லையாமே! எனக்குக் கொதித்த கொதிப்பில்—

"அவர்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் என் தங்கை. சத்தமாகக்கூட இல்லை. "பல்லைச் செஞ்சது நான். வேலை போனதும் எனக்கு. என்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார். வித்துவான் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிடும்மா" என்றார். டாக்டரும் தரையைப் பார்த்தபடி, "நாளைக்கு வந்துடும்மா" என்றார்.

என் தங்கை வித்துவானிடம் கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடுங்க. வலது ஓரத்துல நாக்கால தடவிக்கிட்டே இருக்கீங்க, உரசுது போல. தேய்ச்சுத் தரேன்."