பெரியப்பாவின் அமெரிக்க ஜனாதிபதிகள்

ஜெர்மனியில், கார்ஹிங் பல்கலைக்கழக உணவகத்தில் என்னோடு படிப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் பொது அறிவுக் கேள்விகள் விளையாடுவார்கள். அமெரிக்க ஜனாதிபதிகள் பற்றிய பகுதி வந்தால் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். பதில் தெரியாமல் இல்லை. பத்து வயதிலேயே எல்லாம் தெரியும். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நாங்கள் வுப்பர்டாலில் இருந்தோம். அப்பாவின் தமையனான பெரியப்பாதான் அப்பாவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டவர். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் கதிரையை எங்கே போடுவது என்பது வரை அவரே தீர்மானித்தார். அப்பா தலையாட்டினார். அக்காவுக்கு இருபது வயது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். முடிய ஒரு வருடம் இருந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைத் தானே நிமிர்த்திக் கொடுத்துவிட்டு அந்தக் கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். அவளுக்குப் பெரியப்பா அமெரிக்காவில் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஓம் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குள், அமெரிக்கக் குடியுரிமைச் சோதனையில் கேட்கும் கேள்விகளை எங்கிருந்தோ அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார் மனிதர். பிள்ளை பெற முன்பே பேர் வைக்கிறது என்பார்களே, இது பேரப்பிள்ளைக்கும் சேர்த்துப் பேர் வைத்த கதை. அந்தச் சோதனையை எழுத அமெரிக்காவில் போய் எத்தனையோ வருடம் இருக்கவேண்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். “இப்பவே பாடமாக்கினால் பிறகு கஷ்டமில்லை” என்றார் பெரியப்பா. இத்தனை வருடம் ஜெர்மனியில் இருந்தும் ஜெர்மனியின் ஜனாதிபதி யார் என்று அவருக்குத் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் விசாரணை தொடங்கும். அவர் சோபாவில் சாய்ந்துகொள்வார். அக்கா குசினியில் கோப்பை கழுவியபடியே பதில் சொல்லவேண்டும். முதல் ஜனாதிபதி யார்? ஜனாதிபதி இறந்துபோனால் அடுத்தது யார்? அடிமைகளை விடுதலை செய்த ஜனாதிபதி யார்? இந்தக் கடைசிக் கேள்வியை, எண்ணெய்ச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்கிறோமே என்ற வெட்கம் அவருக்குத் துளியும் இருந்ததில்லை.

எனக்கு அது விளையாட்டு. அக்காவுக்கு முன்னால் நான் கத்திப் பதில் சொல்வேன். முதல் ஜனாதிபதிக்கு மரப்பல் என்பது வெறும் கட்டுக்கதை என்று நூலகப் புத்தகம் ஒன்றில் வாசித்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன். “சோதினையிலை வராத கதை எங்களுக்கு என்னத்துக்கு?” என்று பெரியப்பா என் வாயை அடைத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் டுசல்டோர்ஃபில் இருந்து மாப்பிள்ளையின் மாமி பெண் பார்க்க வந்தார். மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். பெரியப்பாவோ பலகாரமாக வைத்திருந்த ரோல்ஸ் தட்டுக்கு முன்னால் அக்காவை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்.

“பிள்ளை, அமெரிக்க ஜனாதிபதியை எத்தினை வருசத்துக்கு ஒருக்காத் தெரிவு செய்யிறவை?”

“நாலு வருசத்துக்கு ஒருக்கா.”

“ஒராளை எத்தினை தரம் தெரிவு செய்யலாம்?”

“ரெண்டு தரம். அதுக்கு மேலை ஏலாது.”

“அச்சாப் பிள்ளை” என்றார் மாமி.

அக்கா நகரவில்லை. “பெரியப்பா, இந்தக் குடும்பத்துக்கு நீங்கள் எத்தினை வருசமாத் தலைவர்? உங்களை ஆர் தெரிவு செய்தவை?” என்று கேட்டாள். பெரியப்பாவின் வாயில் ரோல்ஸ் நின்றுவிட்டது. “நான் அவுஸ்பில்டுங் முடிக்காமல் ஒரு இடமும் போகமாட்டன். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்” என்றாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

மாமி சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அமெரிக்காவிலை இப்பிடி வாய் இருந்தால்தான் பிழைக்கலாம். எங்கடை பெடியனுக்கு ஏத்த பெட்டை!” என்றார். பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது, அவரும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கே நாள் குறித்தார்கள். ஒரு பெண் நடுவீட்டில் நின்று வேண்டாம் என்று சொன்னதைக் கெட்டித்தனம் என்று பாராட்டியே இல்லாமல் செய்துவிட்டார்கள். அடித்திருந்தால்கூட அவள் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது என்றாவது இருந்திருக்கும்.

கடையில் அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். அக்கா அமெரிக்கா போய், வருடங்கள் கழித்து அந்தச் சோதனையும் எழுதிச் சித்தியடைந்தாள். தன் பயிற்சிதான் காரணம் என்று பெரியப்பா இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லித் திரிகிறார். நான் இப்போது அந்த வீடுகளுக்குப் போவதில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

ஆனால் அவர்மேல் இருக்கும் கோபத்தை என்னால் தூக்கி நடக்க முடியும். தூக்க முடியாத கோபம் வேறு. அன்றைக்கு எல்லோரும் சிரிக்கும்போது அக்கா பெரியப்பாவைப் பார்க்கவில்லை, குசினி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, “தேத்தண்ணி ஆறுது, எல்லாரும் குடியுங்கோ” என்றார்.

பெரியப்பாவுக்குப் பதில் தெரியவில்லை, அதனால் அவரை ஆர் தெரிவு செய்தவை என்ற அதே கேள்வியை அக்கா அம்மாவிடம் கேட்கிறாள் என்று அந்தப் பத்து வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.