பெயின்ட் அடிக்காத சைக்கிள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ வந்திருக்கும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். உலோகத்தில் கோடு போடச் சொன்னால் நேராகப் போடுவேன், பேனாவைப் பிடித்தால் எல்லாம் கோணிப்போகிறது. ஊரில் இருக்கிறவர்களும் என்னைப் போல வெளியே வந்து கிடக்கிறவர்களும் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வளைகுடா ஊருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, வேலை செய்கிற பொருளை வெறும் கையால் தொடக் கூடாது என்பதுதான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வெல்டராக இருக்கிறேன். அங்கே உப்புத் தண்ணீர் ஓடும் குழாய்களை டைட்டானியம் என்கிற உலோகத்தில் செய்கிறார்கள். அதற்குத் துரு பிடிக்காது. ஆனால் விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் போதும், வெல்டிங் கெட்டுவிடும். வெள்ளைக் கையுறை போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்து, காற்றே படாமல் ஆர்கான் வாயுவை ஓடவிட்டுத்தான் நெருப்பை வைக்க வேண்டும். சரியாகச் செய்தால் பத்து, அதாவது ஒட்டிய இடம், வெள்ளி போல மின்னும். கொஞ்சம் தவறினால் வைக்கோல் நிறம். இன்னும் தவறினால் நீலம். செய்தவன் வாயைத் திறக்க வேண்டாம், நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அம்பாசமுத்திரத்து சைக்கிள் கடையில் கிரீஸும் கரியும் அப்பிய கையோடு பதினாலு வருடம் வேலை பார்த்தவன் நான். முதல் வாரம் என் கைகளைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பத்து என்றால் தெரியும்தானே? இரண்டு உலோகத்தைச் சூடாக்கி, பித்தளையை உருக்கி விட்டு ஒட்டுவது. கோமதிநாயகம் அண்ணாச்சியின் கடையில் அதுதான் என் வேலை. அண்ணாச்சி பழைய சைக்கிள்களை வாங்கி, முறிந்ததை ஒட்டச் சொல்லி, மேலே பச்சையும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்து விற்பார். ஒருநாள் ஒரு ஃபிரேமைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் செத்திருந்தது. “அண்ணாச்சி, குழாய் உள்ளுக்குள்ள இத்துப்போயிருக்கு. பத்து நிக்கும், குழாய் நிக்காது” என்று பைய சொன்னேன்.

“ஒனக்கு என்னலே, நீ பத்த வை. மிச்சத்தப் பெயிண்டு பாத்துக்கிடும்” என்றார்.

அந்த சைக்கிளை வாங்கியவர் மிக்கேல். உவரிக்காரர், அம்பாசமுத்திரத்தில் பெண் கட்டி அங்கேயே கருவாட்டு வியாபாரம் பார்த்தவர். காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மணிமுத்தாறு அணைக் குடியிருப்பு வரைக்கும் போவார். மூன்றாம் மாதம், அணைச் சரிவில் இறங்கும்போது ஃபிரேம் முன்னால் இரண்டாக முறிந்தது. இடது கை முழங்கையில் நொறுங்கி, அப்புறம் நீட்டவே முடியாமல் கோணலாகக் கூடியது.

முறிந்த ஃபிரேமைக் கடைக்குக் கொண்டு வந்து போட்டார்கள். தெருவே கூடிவிட்டது. நான் பார்த்தேன். என் பத்து அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, துருவேறிய குழாய்தான் கிழிந்திருந்தது. ஆனால் அதன் மேல் பெயின்ட் தடிப்பாக இருந்ததால் எது பத்து, எது குழாய் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி என்னைக் கை காட்டினார். “இந்தப் பய வச்ச பத்து விட்டுட்டுவே. நான் என்ன செய்ய?” என்றார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, பிறவிச் சுபாவம். பேசாமல் நின்றதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே என்னை நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. அந்த முறிந்த ஃபிரேமைக் கடை வாசலில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார். வருகிறவர்களிடம், “அது பழைய ஆளு வேல. இப்ப நல்ல ஆளு வச்சிருக்கேன்” என்று காட்டுவார். எனக்குப் பெயர் விழுந்தது: ‘பத்துவிட்டான்’. கல்லிடைக்குறிச்சி வரைக்கும் ஒரு பட்டறையிலும் வேலை கிடைக்கவில்லை. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் மூலமாக இங்கே வந்து சேர்ந்தேன். ரேஷன் கடையில் என் மனைவியை ‘பத்துவிட்டான் பொண்டாட்டி’ என்று கூப்பிட்டார்கள் என அவள் எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. விடுமுறையில் போன மூன்று தடவையும் அந்தக் கடைத்தெருவை விட்டு, வாய்க்கால் பாதை வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனேன். மேலே தொங்குகிற அந்த ஃபிரேமைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எங்கள் ஆலையில் ஆலன் என்று ஒரு இஞ்சினியர் இருந்தார். வெள்ளிக்கிழமையானால் மலைப்பக்கம் சைக்கிள் விடப் போவார். கல்லிலும் வறண்ட ஓடையிலும் விடுவதற்கென்றே செய்த சைக்கிள், மவுன்டன் பைக் என்றார்கள். ஒருநாள் அதன் ஃபிரேமில் பின்பக்கம் சின்ன வெடிப்பு விழுந்து என்னிடம் கொண்டு வந்தார். முழுக்க டைட்டானியம். கையில் வாங்கியவன் திகைத்துப்போனேன். இரும்பின் கனத்தை எதிர்பார்த்துத் தூக்கினால் அது இறகு மாதிரி மேலே வந்துவிட்டது. மழைக்கு முந்தின மேகத்தின் சாம்பல் நிறம். ஒவ்வொரு பத்தும் மீன் செதில் அடுக்கியது போலத் தெரிந்தது. ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. சைக்கிள் என்று நான் கட்டி மாரடித்ததெல்லாம் என்ன என்று தோன்றியது.

“வேர் பெயின்ட், சார்?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, வலது முழங்காலைத் தடவிக் காட்டினார். வலி எங்கே என்று நான் விசாரித்ததாக நினைத்துவிட்டார். நான் சுவரில் பிரஷ்ஷால் அடிப்பது போலச் செய்து காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார். “நோ பெயின்ட். நத்திங் டு ஹைட்” என்றார். பக்கத்தில் வேலை பார்த்த மலையாளி, “மறைக்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லுறார்” என்று எனக்கு விளக்கினார்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. இத்தனை வருடம் நான் அண்ணாச்சியை என்னென்னவோ செய்ய நினைத்திருக்கிறேன். கடையைக் கொளுத்த, சட்டையைப் பிடிக்க, போலீசில் சொல்ல. எதற்கும் பேச்சு வேண்டும், இல்லாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டும். இரண்டும் என்னிடம் இல்லை. ஆனால் பெயின்டைச் சுரண்ட எனக்குத் தெரியும். அண்ணாச்சி கடையில் தொங்கும் அந்த ஃபிரேமில் மறைத்ததைத் திறந்துவிட்டால் போதும். அதை அவரே பத்திரமாகத் தொங்கவிட்டும் வைத்திருக்கிறார்!

வெடிப்பை ஒட்டிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஆலன் சார் சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது அந்த ஃபிரேமை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். சென்ற வருட விடுமுறையில் அதை அட்டைப்பெட்டியில் கொண்டு போய், திருநெல்வேலியில் சக்கரம் வாங்கிப் பூட்டினேன். முதலில் மிக்கேல் வீட்டுக்குப் போனேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை.

“எதுக்குவே வந்தீரு? கை எப்படியிருக்குன்னு பாக்கவா?”

“கடைக்கு ஒரு நட வாரும். அதுக்கப்புறம் என்ன வேணா ஏசும்” என்றேன்.

சந்தை நாள், காலை பத்து மணி. வாய்க்கால் பாதையில் போகாமல் கடைத்தெரு வழியாகவே சைக்கிளில் போய் இறங்கினேன். கொஞ்சம் பின்னால் மிக்கேலும் வந்து சேர்ந்தார். அண்ணாச்சிக்கு முடி நரைத்திருந்தது. சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“என்னலே இது, கனமே இல்ல? அலுமினியக் குடத்த உருக்கிச் செஞ்சதா? வெளிநாடு போயும் ஒனக்குப் பெயிண்டு அடிக்கத் துட்டு இல்லியா?”

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “அந்த ஃபிரேம இறக்குங்க அண்ணாச்சி” என்றேன். குளியலறையில் நூறு தடவை சொல்லிப் பழகிய வாக்கியம். எலிக்குஞ்சு சத்தமாக வந்தது. “என்னது?” என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறி, நானே இறக்கினேன். கொண்டு போயிருந்த அரத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். பச்சை போனது, அதற்குக் கீழே கறுப்பு போனது, அதற்கும் கீழே மஞ்சளாகப் பித்தளை வந்தது. கீறல் இல்லை. ஒரு விரற்கடை தள்ளிச் சுரண்டினேன். குழாய் பொலபொலவென்று உதிர்ந்தது.

டீக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். “பத்து விடலயேவே! தங்கம் மாதிரில்லா கெடக்கு. குழாயில்ல இத்துப்போயிருக்கு. இதுக்கு மேலயா பெயிண்டு அடிச்சு வித்தீரு, அண்ணாச்சி?”

“பழைய கதைய எதுக்குலே கிண்டுத?” என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து.

“நீங்கதான தொங்க விட்டிருந்திய” என்றேன். இந்தத் தடவை சத்தம் வந்தது.

மிக்கேல் கோணல் கையால் அந்தப் பித்தளையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அண்ணாச்சியிடம் போய், அந்தக் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்ட முயன்றார். அது பாதிதான் நீண்டது. “இத எந்தப் பெயிண்டு பாத்துக்கிடும்வே?” என்று கேட்டார். பத்து வைத்த அன்று அண்ணாச்சி சொன்ன அந்தப் பேச்சை, அவர் வீட்டுக்குப் போனபோதே நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூட்டத்தில் சொல் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஃபிரேமை மறுபடி அதே கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன், சுரண்டினது சுரண்டினபடி. மறுநாள் கொக்கியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வயதானவரை இப்படிச் செய்யலாமா என்று என் மனைவியே கேட்டாள். செய்யலாம். மன்னிக்கிறவர்கள் மன்னிக்கட்டும். நான் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

டைட்டானியம் சைக்கிளை மிக்கேலிடம் கொடுத்துவிட்டேன். ஒற்றைக் கையால் சரிவில் தள்ள, கனமே இல்லாத அதுதான் அவருக்குத் தோது. கருவாட்டு உப்பு எவ்வளவு வழிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஊரில் இன்னும் என்னைப் பத்துவிட்டான் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கேலி போய்விட்டது, பெயர் போகவில்லை. இங்கே எனக்கு அந்தப் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, வெல்டர் நாற்பத்தொன்று. செய்த வேலைக்குப் பக்கத்தில் அந்த எண்ணைக் கீறி வைப்பது ஆலை வழக்கம். ஆலன் சார் சைக்கிளிலும் கீறியிருக்கிறேன். ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு எண், இரண்டும் நான்தானா என்று சில நேரம் தோன்றும்.

கிளம்பும்போது மிக்கேலிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: தினமும் அண்ணாச்சி கடை வாசலில் மணி அடிக்காமல் போகக் கூடாது. அவர் அந்த இடத்தைக் கடப்பது அங்கே காலை ஆறரை மணி. இங்கே அப்போது ஐந்து. நாங்கள் தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்பில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நான் மட்டும் அலாரம் இல்லாமலே எழுந்து உட்கார்ந்து, இங்கே கேட்காத ஒரு மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

29-10-1998, வியாழக்கிழமை